பாட்டி பிறந்த ஊரும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும்

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கத்து அன்பர் ஒருவர் தன் தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினார். தாத்தா கொடுக்கல் வாங்கல் விஷயமாக சைகோனுக்குக் கப்பலேறியவர். அட்டையில் 'இந்தியப் பேரரசு' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. உள்ளே 'பிறப்பால் பிரிட்டிஷ் பிரஜை' என்று மசியில் எழுதியிருந்தது. "தாத்தா பிரிட்டிஷ் பிரஜை என்றால் பேரனுக்கு ஏதாவது உண்டா?" என்று அவர் கேட்க, சர்க்கரைப் பொங்கல் ஆறும் வரை அதே விவாதம்தான். இருக்கிறது என்று நான்கு பேர், இல்லை என்று நான்கு பேர்.

இல்லை என்பதே சரி. ஆனால் ஏன் இல்லை என்பதும், யாருக்கு உண்டு என்பதும் கொஞ்சம் நீளமான கதை. நான் வக்கீல் அல்ல. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு 38 ஆண்டுகள் ரயில்வேயில் உழைத்தவன். கரக்பூரில் என்னோடு வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்றுக்காக இந்த விஷயத்தில் நான்கைந்து ஆண்டுகள் காகிதம் காகிதமாகப் புரட்ட நேர்ந்தது. அந்த அனுபவத்தைச் சொன்னாலே விஷயம் விளங்கிவிடும். அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

முதலில் அந்தப் பழைய பாஸ்போர்ட். சுதந்திரத்துக்கு முன் சென்னை ராஜதானியில் பிறந்த என் தகப்பனாருக்கும் லண்டனில் பிறந்து இங்கு வந்த கலெக்டர் துரைக்கும் சட்டத்தில் ஒரே பெயர்தான்: பிரிட்டிஷ் பிரஜை. புதுக்கோட்டை, திருவாங்கூர் போன்ற சமஸ்தானங்களில் பிறந்தவர்களுக்கு அந்தப் பெயர்கூடக் கிடையாது. அவர்கள் பிரிட்டிஷ் பாதுகாப்பில் உள்ளவர்கள், அவ்வளவே. 1948ல் இயற்றப்பட்டு 1949 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பிரிட்டிஷ் நாட்டுரிமைச் சட்டம் இந்த ஒரே கூரையைப் பிரித்துவிட்டது. பிரிட்டனிலோ, அன்றைக்கு அதன் கையில் மிச்சமிருந்த காலனிகளிலோ பிறந்தவர்கள் ஒரு பக்கம். அப்படிப் பிறந்த தகப்பனுக்கு வெளியே பிறந்த பிள்ளைகளும் அவர்களோடு. இந்தியா அதற்குள் சுதந்திர நாடு. காலனிக் கணக்கில் வராது. நமக்கு நம் அரசியல் சட்டம் இந்தியக் குடியுரிமை கொடுத்தது. ஆகவே தாத்தாவின் பாஸ்போர்ட்டில் இருந்த 'பிரிட்டிஷ் பிரஜை'க்கும் இன்றைய 'பிரிட்டிஷ் குடிமகனு'க்கும் பெயரளவில்தான் உறவு.

இன்னொரு அன்பர், தன் பாட்டி பினாங்கில் பிறந்தவர் என்றார். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் விஷயத்தில் 1957க்குப் பிறகு தனிச் சிக்கல்கள் உண்டு. அதற்குள் நான் போகவில்லை. கீழே சொல்லப்போகும் தாத்தா பாட்டி விசாவுக்குப் பினாங்கோ கொழும்போ ரங்கூனோ உதவாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சரி, கரக்பூருக்கு வருவோம்.

நான் 1979ல் கரக்பூர் ஒர்க்‌ஷாப்பில் அப்பரண்டிஸாகச் சேர்ந்தபோது எனக்குச் சார்ஜ்மேனாக வாய்த்தவர் அந்த நண்பர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். மைக்ரோமீட்டரை இறுக்கித் திருகாமல் விரல் நுனியால் அளக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். பெங்கால் நாக்பூர் ரயில்வே காலத்திலிருந்து மூன்று தலைமுறையாக ரயில்வே குடும்பம். ஆங்கிலோ இந்தியர்களுக்கு ரயில்வே, சுங்கம், தபால் தந்தி ஆகிய இலாகாக்களில் இருந்த தனி இட ஒதுக்கீட்டை நம் அரசியல் சட்டத்தின் 336ஆவது பிரிவு பத்தே ஆண்டுகளுக்குப் படிப்படியாகக் குறைத்து நீட்டித்தது. 1960ல் அது முடிந்தது. 1947லிருந்தே இங்கிலாந்துக்கும் பிறகு ஆஸ்திரேலியா, கனடாவுக்கும் போய்க்கொண்டிருந்தவர்களின் கூட்டம் அதற்குப் பிறகும் ஓயவில்லை. நான் சேர்ந்தபோது இன்ஸ்டிட்யூட் கிறிஸ்துமஸ் நடனத்துக்கு நிற்க இடமிருக்காது. ஓய்வு பெற்ற 2017ல் அந்தக் காலனியில் எண்ணிவிடக்கூடிய வீடுகள்தான் மிஞ்சியிருந்தன.

நண்பர் போகவில்லை. ஆனால் போக முடியும் என்ற நம்பிக்கை அவருக்குக் கடைசிவரை இருந்தது. அவர் குடும்பப் பெயர் சுத்தமான ஸ்காட்லாந்துப் பெயர். கொள்ளுத்தாத்தா ஸ்காட்லாந்திலிருந்து தண்டவாளம் போட வந்தவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் பாடம். 2018ல் அவருடைய மகள், கான்வென்ட் ஆசிரியை, லண்டன் போய் வேலை பார்க்க ஆசைப்பட்டாள். கல்கத்தாவில் ஒரு ஏஜெண்ட், "இந்தப் பெயர் ஒன்று போதும், பாஸ்போர்ட் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லி ஒன்றரை லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டார். ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்: தகப்பனார், அவர் தகப்பனார், அவருக்கும் தகப்பனார். எட்டு மாதம் கழித்து டெலிபோனை எடுப்பதை நிறுத்திவிட்டார். அதன்பிறகுதான் நண்பர் அந்த ஃபைலோடு என் வீட்டுக்கு வந்தார்.

வெள்ளைக்காரன் நம்மை என்னவெல்லாம் செய்தான் என்பது வேறு கதை. ஆவணம் காப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. இந்தியாவில் கிறிஸ்தவ தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்களை மூன்று ராஜதானிகளிலிருந்தும் லண்டனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். வங்காளத்துக்கு ஒரு வரிசை, சென்னைக்கு ஒன்று, பம்பாய்க்கு ஒன்று. எல்லாம் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களாக இருக்கின்றன. பெரும்பகுதியை இணையத்திலும் பணம் கட்டிப் பார்க்கலாம். நண்பரின் மகள் இரண்டு இரவு விழித்துத் தேடிப் பிடித்துவிட்டாள். தாத்தாவின் ஞானஸ்நானம் 1894ல், நாக்பூரில். பிறந்த தேதியும் அதிலேயே இருந்தது. தகப்பன் தொழில்: ரயில்வேயில் பிளேட்லேயர். வீட்டுக் கதை அத்தனையும் உண்மை. அதுதான் வினை.

ஏனென்றால் சட்டம் பெயரையும் ரத்தத்தையும் பார்ப்பதில்லை. யார் எங்கே பிறந்தார் என்பதைத்தான் பார்க்கிறது. பிரிட்டனில் பிறந்தவர் தன் குடியுரிமையை வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குக் கொடுக்கலாம். அந்தப் பிள்ளை வம்சாவளிக் குடிமகன். அவனுக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அவனும் வெளிநாட்டிலேயே பிள்ளை பெற்றால் சாதாரணமாக அந்தப் பிள்ளைக்குப் போகாது. ஒரு தலைமுறையோடு சரி. பிரிட்டிஷ் அரசுப் பணியில் வெளிநாட்டில் இருந்தவர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் உண்டு. நண்பர் விஷயத்தில் கொள்ளுத்தாத்தா ஸ்காட்லாந்தில் பிறந்தவர், தாத்தா நாக்பூர், அப்பா கரக்பூர், அவரும் கரக்பூர். தாத்தாவோடு உரிமை நின்றுவிட்டது. நடுவில் ஒரு கப்ளிங் கழன்றால் பின்னால் உள்ள வண்டி அத்தனையும் யார்டிலேயே நிற்க வேண்டியதுதான்.

குடியுரிமை இல்லாவிட்டாலும் வம்சாவளி விசா என்று ஒன்று உண்டு. 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் 1973ல் நடைமுறைக்கு வந்தபோது பிறந்த ஏற்பாடு. ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்தில் குடியேறிய தங்கள் உறவுக்காரர்களை மனதில் வைத்துச் செய்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் விதியில் 'காமன்வெல்த் குடிமக்கள்' என்று எழுதிவிட்டார்கள். இந்தியாவும் காமன்வெல்த்தில் இருக்கிறது. தாத்தா பாட்டிகள் நால்வரில் ஒருவர் பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும். இன்றைய அயர்லாந்து என்றால் 1922 மார்ச் 31க்கு முன் பிறந்திருக்க வேண்டும். விண்ணப்பிப்பவருக்கு வயது 17 ஆகியிருக்க வேண்டும், உழைத்துச் சம்பாதிக்கும் எண்ணம் வேண்டும். ஐந்து ஆண்டு தங்கி எந்த வேலையும் செய்யலாம். பிறகு நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். தாத்தா பாட்டி உயிரோடு இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் கொள்ளுத்தாத்தா உதவ மாட்டார். நண்பருக்கு ஒரு தலைமுறை அதிகம், அவர் மகளுக்கு இரண்டு தலைமுறை அதிகம்.

இதை அவரிடம் சொன்ன அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. ஃபைலை மூடிக் கயிறு கட்டினார். "மூணு தலைமுறை ரயிலை ஓட்டினோம், ஒரு ஸ்டேஷன் தள்ளி இறங்கிவிட்டோம் போலிருக்கிறது" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். 2021 கொரோனாவில் இறந்துபோனார். கரக்பூர் கல்லறையில்தான் அடக்கம்.

கதை அங்கேயே முடிந்திருக்கும். 2022ல் அவர் மனைவி வேறு ஒரு காரியமாக என்னிடம் வந்தார். அந்த அம்மாள் போத்தனூர்க்காரர். அதுவும் ஆங்கிலோ இந்திய ரயில்வே காலனிதான். தகப்பனார் அங்கே கார்டாக இருந்தவர். வீட்டில் இங்கிலீஷ், தெருவில் தமிழ். கல்யாணமாகிக் கரக்பூர் வந்தபிறகு தமிழ் பேசுவதற்காகவே எங்கள் வீட்டுக்கு வருவார். என்னைவிட ஒரு வயது இளையவர், என்னை அண்ணா என்பார். குடும்பப் பென்ஷன் ஆணையில் அவர் பிறந்த வருஷம் தப்பாக விழுந்திருந்தது. 80 வயதுக்கு மேல் 20 சதவீதம் கூடுதல் பென்ஷன் என்பதால் அதை இப்போதே திருத்துவது நல்லது என்று நான் சொல்லியிருந்தேன். பிறப்பு அத்தாட்சி தேடுவதற்காகத் தாய்வீட்டு டிரங்குப் பெட்டியை வரவழைத்து, அப்படியே கொண்டுவந்து என் வராந்தாவில் வைத்தார்.

"ஏனுங்கண்ணா, இதுல ஏதாச்சும் இருக்குதான்னு பாருங்க" என்றார்.

தகப்பனாரின் பழைய பென்ஷன் ஆணை இருந்தது. கணவன் மனைவி சேர்ந்திருக்கும் போட்டோ ஒட்டியது. பி.எஃப். நாமினேஷன் நகல் இருந்தது. அவற்றுக்கு அடியில் ஒரு நர்ஸ் பதிவுச் சான்றிதழ், நீல அட்டை போட்ட பழைய பிரிட்டிஷ் பாஸ்போர்ட் ஒன்று. பிறந்த இடம் பிரஸ்டன் என்றிருந்தது. வடக்கு இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கத்து ரயில் ஜங்ஷன்.

"உங்கம்மா எங்கேம்மா பிறந்தாங்க?"

"சீமையிலதாங்கண்ணா. சண்டை நடந்தப்போ மிலிட்டரி நர்ஸா வந்தாங்க. அப்பாவைப் பார்த்துக் கட்டிக்கிட்டாங்க. போத்தனூர்ல எல்லாருக்கும் தெரியுமே, வெள்ளைக்கார நர்ஸம்மான்னுதான் சொல்லுவாங்க."

"உங்க வீட்டுக்காரர் அத்தனை அலைஞ்சாரே, இதைச் சொல்லலையா?"

"அவரு அவங்கப்பா வழியத்தானுங்களே பேசிட்டிருந்தாரு. பொம்பளை வழியில என்னங்க வரும்? ஆரும் கேக்கலீங்க."

உண்மைதான். நண்பர் என்னிடம் கொண்டுவந்த ஃபைலில் மாமியார் வீட்டுக் காகிதம் ஒன்றுகூட இல்லை. ஏஜெண்டின் படிவத்தில் அம்மா என்ற கட்டமே கிடையாது. இதற்கு அவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நம் அரசியல் சட்டத்தின் 366ஆவது பிரிவே ஆங்கிலோ இந்தியர் யார் என்பதை ஆண் வழியாகத்தான் வரையறுக்கிறது. பிரிட்டிஷ் சட்டமும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. பிரிட்டனில் பிறந்த தகப்பன் இந்தியாவில் பிள்ளை பெற்றால் பிள்ளை பிரிட்டிஷ். பிரிட்டனில் பிறந்த தாய் பெற்றால் இல்லை. 1981ஆம் ஆண்டுச் சட்டம்தான், 1983 ஜனவரி 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குத் தாயையும் தகப்பனையும் சமமாக்கியது.

அதற்கு முன் பிறந்தவர்களுக்கு? 1979 பிப்ரவரியில், பிரிட்டனில் பிறந்த தாய்மார்களின் பிள்ளைகள் 18 வயதுக்குட்பட்டிருந்தால் பதிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். பலருக்கு அது தெரியவே இல்லை. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் 2003ல், 1961 பிப்ரவரி 7க்குப் பின் பிறந்தவர்கள் இப்போதும் பதிவு செய்யலாம் என்று மாற்றினார்கள். அந்த விசித்திரமான தேதி எங்கிருந்து வந்தது என்றால், 1979 பிப்ரவரி 7 அன்று 18 நிரம்பியவர்களைக் கழித்துக் கட்டியது. நம் அம்மாள் பிறந்தது 1958. அப்போது கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தேதியை எடுத்துவிட்டது. 2010 ஜனவரி 13 முதல், 1983க்கு முன் எந்த ஆண்டில் பிறந்திருந்தாலும் பரவாயில்லை. அதாவது நண்பர் ஏஜெண்டுக்குப் பணம் கட்டிய 2018ல், அவருடைய சொந்த வீட்டிலேயே பிரிட்டிஷ் குடியுரிமைக்குத் தகுதி உள்ளவர் ஒருவர் அவருக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். மகளுக்கும் அன்றே வம்சாவளி விசாத் தகுதி இருந்தது. தாத்தா பாட்டிகளில் அந்த விதி பேதம் பார்ப்பதில்லை. அம்மாவைப் பெற்ற பாட்டி போதும்.

தகுதி வேறு, நிரூபணம் வேறு. தாய் வழியில் சங்கடம் என்னவென்றால் ஒவ்வொரு தலைமுறையிலும் பெயர் மாறிவிடுகிறது. தகப்பன் வழி என்றால் குடும்பப் பெயர் ஒரே கோடாக வரும். இங்கே பாட்டி பிறந்தபோது ஒரு பெயர், கல்யாணத்துக்குப் பின் ஒரு பெயர். அம்மாவுக்கு அந்தப் பெயர், கல்யாணத்துக்குப் பின் வேறு. மகளுக்கு மூன்றாவது பெயர். ஆகவே பிறப்புச் சான்றிதழ்களுக்கு நடுவே கல்யாணச் சான்றிதழ்களையும் கோத்தால்தான் மாலை அறாது.

பாட்டியின் பிறப்புச் சான்றிதழ் கிடைத்ததுதான் மிகச் சுலபம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை முதல் பிறப்பு இறப்பு எல்லாம் அரசுப் பதிவில் இருக்கின்றன. பழைய அட்டவணை மூன்று மாதத்துக்கு ஒரு தொகுதி. பெயர், வருஷம், பதிவு வட்டாரம் மூன்றும் தெரிந்தால் இணையத்தில் பணம் கட்ட வேண்டியது, தபாலில் வந்துவிடுகிறது. இதில் முழுச் சான்றிதழைத்தான் கேட்க வேண்டும். பெற்றோர் பெயர் இல்லாத சுருக்கச் சான்றிதழும் ஒன்று உண்டு, அதனால் பயனில்லை. (ஸ்காட்லாந்துக்குத் தனிப் பதிவகம், 1855 முதல்.)

நம் பக்கத்தில்தான் நாக்குத் தள்ளியது. அம்மாளின் 1958ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயர் இல்லை. 'பெண்' என்று மட்டும் இருந்தது. அந்த நாளில் பிறந்த நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தான். தாயின் பெயரைக் காதால் கேட்டு எழுதியதில் ஒரு எழுத்து கூடியிருந்தது. ஞானஸ்நானச் சான்றிதழில் சரியாக இருந்தது, ஆனால் தேவாலயச் சான்று மட்டும் போதுமா என்ற தயக்கம் எனக்கு. அங்கேதான் ரயில்வே கைகொடுத்தது. ரயில்வே ஊழியர் குடும்பத்துக்குப் பாஸ் வாங்க வேண்டுமானால் மனைவி, பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும் என்பது நம்மவர்களுக்குத் தெரியும். கார்டு மாமா 1964ல் கொடுத்த அந்த டிக்ளரேஷனின் நகல் டிரங்குப் பெட்டியில் பி.எஃப். நாமினேஷனோடு சேர்த்துப் பின் குத்தி வைக்கப்பட்டிருந்தது. மனைவி பெயர், பெண் பெயர், 1958 பிறந்த தேதி, ஆபீஸ் முத்திரை எல்லாம் அதில் கச்சிதம். இந்தக் காலத்தில் யார் இப்படி வைத்திருக்கிறார்கள்? பென்ஷன் ஆணையிலிருந்த சேர்ந்த போட்டோவும் நோட்டரி முன் செய்த பிரமாணப் பத்திரமும் கூட வைத்தோம். பென்ஷன் ஆணையின் வருஷத்தையும் அதே காகிதங்களைக் கொண்டே திருத்தினோம்.

மகள் விஷயத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. 2023ல் வம்சாவளி விசா கேட்டாள். காசநோய்ப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே எல்லாம் உண்டு. செலவுதான் கண்ணைக் கட்டியது. விசாக் கட்டணம் போக, அங்கத்து அரசு மருத்துவத்துக்காக ஐந்து ஆண்டுத் தொகையையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். அப்போது ஆண்டுக்கு 624 பவுண்டு. ஐந்துக்கு 3,120 பவுண்டு, ஏறக்குறைய மூன்று லட்சம் ரூபாய். 2024 பிப்ரவரியில் அதை ஆண்டுக்கு 1,035 பவுண்டாக ஏற்றிவிட்டார்கள். ஏஜெண்டுக்குப் போன ஒன்றரை லட்சம் அப்போது கையில் இருந்திருந்தால் பாதிக் கிணறு தாண்டியிருக்கும்.

அம்மாள் விஷயத்தில்தான் உண்மையான யோசனை. அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மேலே சொன்ன பதிவின் மூலம் பிரிட்டிஷ் குடிமகளாவது. ஆனால் நம் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவுப்படி, தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை அந்த நிமிஷமே போய்விடும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டை வாங்குவதே அதற்கு முடிவான சாட்சி என்ற விதியைச் சுப்ரீம் கோர்ட் 1962லேயே ஒப்புக்கொண்டிருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இரண்டையும் டிராயரில் வைத்துக்கொண்டு போகவர உபயோகிப்பவர்கள் சிலரை எனக்குத் தெரியும், அது குற்றம். 2005 முதல் ஓ.சி.ஐ. கார்டு இருக்கிறது, வரலாம் தங்கலாம். ஆனால் ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது.

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாதது. பிரிட்டனில் பிறந்த, அந்த நாட்டுக் குடியுரிமை உள்ள தாய்க்கோ தகப்பனுக்கோ பிறந்து, 1982 டிசம்பர் 31 அன்று காமன்வெல்த் குடிமகனாக இருந்து, அதன்பின் இடையில் ஒரு நாள்கூட அது விட்டுப்போகாமல் இருப்பவர்களுக்குப் பிரிட்டனில் வசிக்கும் உரிமை ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம்; இருக்கிறது என்பதற்கான அத்தாட்சியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டால் போதும். இந்தியக் குடியுரிமையைத் தொடவே வேண்டாம். போகலாம், இருக்கலாம், வேலை பார்க்கலாம், திரும்பலாம். இந்தியாவில் வேலை பார்த்த எத்தனையோ குடும்பங்களில் இப்படிப்பட்ட தாய்மார்கள் இருந்திருப்பார்கள். ஆங்கிலோ இந்தியர் என்றில்லை. படிக்கப்போன இடத்தில் ஆங்கிலேயப் பெண்ணை மணந்து வந்த நம்மூர் டாக்டர்கள், பேராசிரியர்களின் பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான்.

இரண்டு வழியையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினால் மகளுக்கு அதனால் தனியாக ஆதாயம் இல்லை என்பதையும் சொன்னேன். மகள் பிறந்தது 1987ல். அம்மா இப்போது ஆவது வம்சாவளிக் குடிமகள். அது அவரோடு நிற்கும். மகள் தன் பாட்டியை வைத்துத் தன் வழியே போக வேண்டியவள்.

அவர் தாளைப் படிக்கவில்லை. "ஓட்டுப் போச்சுன்னா வேண்டாமுங்கண்ணா. 1980லிருந்து ஒரு எலெக்‌ஷன் விட்டதில்லீங்க. எங்காளுங்களுக்கு டில்லியில இருந்த ரெண்டு சீட்டையும் எடுத்துட்டாங்க, இருக்கிறது இந்த ஒரு ஓட்டுதானுங்களே" என்றார். மக்களவையில் ஆங்கிலோ இந்தியருக்கு இருந்த இரண்டு நியமன இடங்களைச் சொல்கிறார்; 2020 ஜனவரியோடு அவை முடிந்துவிட்டன.

வசிக்கும் உரிமை அத்தாட்சிக்கே விண்ணப்பித்தோம். மகளுக்காகச் சேர்த்த அதே கட்டுக் காகிதம்தான். புதிதாகத் தேட ஒன்றுமில்லை. நம் சங்கத்தில் யாருக்காவது இப்படி ஒரு பாட்டியோ அம்மாவோ இருந்தால் முதலில் அவர் பிறந்த ஊரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுகின்றன, பணம் கட்டும் முன் பிரிட்டிஷ் அரசின் சொந்த அறிவிப்பைப் படியுங்கள். குடும்பப் பெயரைக் கேட்டவுடனேயே 'முடிச்சுடலாம் சார்' என்கிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

மகள் இப்போது லங்காஷயரிலேயே ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். 2028ல் ஐந்து ஆண்டு நிறையும். அம்மாள் 2024 கோடையில் முதல் தடவையாகப் போனார். பாட்டி பிறந்த தெருவைச் சான்றிதழில் இருந்த விலாசத்தை வைத்து மகள் கண்டுபிடித்து அழைத்துப் போனாளாம்; வீடு இருந்த இடத்தில் கார்கள் நிறுத்தியிருந்தார்களாம். ஆறு மாதம் இருந்துவிட்டு வாருங்கள் என்று நாங்கள் சொல்லித்தான் அனுப்பினோம். நவம்பரில் பென்ஷனுக்கு ஆயுள் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று அக்டோபர் கடைசியிலேயே கரக்பூர் வந்து சேர்ந்துவிட்டார்.